மாரிக்கு ஏற்ற மழைக் காற்சட்டை

2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாடு யாழ்ப்பாண வீதிகளுக்குச் சைக்கிளை மீளக் கொண்டுவந்தது. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று. ஆனால் ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் சைக்கிளோட்டியின் பாடு திண்டாட்டமாகிவிடுகிறது. நனைந்த உடையுடன் நாள் முழுவதும் வகுப்பறையிலோ அலுவலகத்திலோ இருக்க வேண்டியவருக்கு மழையுடை ஆடம்பரமன்று.

கடைகளில் தொங்கும் மழையுடைகளிற் பல மோட்டார் சைக்கிளோட்டிகளை மனத்திற் கொண்டு தைக்கப்பட்டவை. அவர்கள் அசையாது அமர்ந்திருப்பர். சைக்கிளோட்டியின் கால்களோ ஓய்வின்றி இயங்குவன. தடித்த பிளாஸ்ரிக் காற்சட்டையுடன் அரை மணி நேரம் மிதித்தால், மழை நனைக்காத காலை வியர்வை நனைத்துவிடும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் கோர்-டெக்ஸ் போன்ற விலையுயர்ந்த துணிகள் இதற்குத் தீர்வெனப் பலர் எண்ணுகின்றனர். அத்துணியினூடாக வியர்வையின் ஆவி வெளியேற வேண்டுமாயின், வெளிக்காற்றில் உள்ள நீராவி உள்ளே இருப்பதைவிடக் குறைவாக இருத்தல் வேண்டும். இலண்டன் குளிரில் அது நிகழும். வெப்பமும் ஈரமும் நிறைந்த எமது மாரியில் அந்த வேறுபாடு மிகச் சிறிது. அங்கே கொடுத்த விலைக்குரிய பயன் இங்கே கிடைப்பதில்லை.

எனவே, மெல்லிய நைலோன் துணியில் தளர்வாகத் தைத்த காற்சட்டையே எமக்குப் போதும். வாங்குமுன் முழங்காலை மடித்து நீளத்தைப் பாருங்கள். நின்றபடி சரியாக இருப்பது மிதிக்கும்போது கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும். சப்பாத்தைக் கழற்றாமல் அணியக் கூடியவாறு கீழ்ப்பகுதியில் சிப் வேண்டும். வலது கால் சங்கிலியில் அகப்படாதிருக்க இறுக்கும் பட்டி வேண்டும். இருக்கையில் அழுந்தும் இடத்துத் தையல், உட்புறம் நாடா ஒட்டி அடைக்கப்பட்டிருக்க வேண்டும். நீர் முதலில் நுழைவது பெரும்பாலும் அங்கேதான். கணுக்காலருகே ஒளிதெறிக்கும் பட்டி இருந்தால், மிதிக்கும்போது மேலும் கீழும் அசையும் அது இருளில் வாகனச் சாரதியின் கண்ணில் விரைவில் படும்.

சேலையுடுத்திச் சைக்கிளோட்டும் ஆசிரியைக்கு இக்காற்சட்டை உதவாது. கைப்பிடிவரை விரியும் மழைப்போர்வையே அவருக்கு ஏற்றது. கீழிருந்து காற்று நுழைவதால் புழுக்கமும் குறையும். எனினும் பலத்த வாடைக்காற்றில் அது பாய்போல் விரிந்து வண்டியைத் தள்ளிவிடும். அந்நேரம் இறங்கி உருட்டிச் செல்வதே புத்தி.

இவற்றில் எதுவும் எமது தையற்காரரால் இயலாததன்று. பிறநாட்டுக் குளிருக்கென உருவானதை விலை கொடுத்து வாங்குவதிலும், எமது மழையை அறிந்தவரிடம் அளவு கொடுத்துத் தைப்பிப்பதே மேல்.