பணம் நம்முடையது, அறிக்கை வங்கியினுடையதா?

திருகோணமலையின் உவர்மலையில், ஆங்கிலத்தில் ஓர்ஸ் ஹில் என்று வழங்கும் அந்த மேட்டில், வங்கிக் கடனில் வீடு வாங்கப் புறப்படும் ஒருவர் இரண்டு அறிக்கைகளுக்குப் பணம் செலுத்துகிறார். ஒன்று ஆதனத்தின் பெறுமதியைக் கணிக்கும் மதிப்பீட்டாளருடையது. மற்றது உறுதிகளைப் பரிசோதிக்கும் வங்கியின் சட்டத்தரணியுடையது. இரண்டும் வங்கிக்கே போய்ச் சேருகின்றன. பணம் கொடுத்தவர் கையில் பெரும்பாலும் பற்றுச்சீட்டு மட்டுமே மிஞ்சுகிறது. இந்த அநியாயத்தை வழமை என்று எத்தனை காலம் பொறுத்துக்கொள்வது?

மதிப்பீட்டறிக்கையில் பொதுவாக இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று சந்தைப் பெறுமதி. மற்றது அவசர ஏலத்தில் தேறக்கூடிய கட்டாய விற்பனைப் பெறுமதி. வங்கியின் கண் இரண்டாவதில். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், நீதிமன்றம் செல்லாமலே ஈட்டு ஆதனத்தை ஏலமிட வங்கிகளுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. ஆகவே அந்த எண் வங்கிக்கு முக்கியம். விற்பவர் கேட்கும் விலைக்கும் அந்த எண்ணுக்கும் உள்ள இடைவெளியை நிரப்ப வேண்டியவரோ வாங்குபவர். முற்பணம் கொடுத்த பின்னரா அவர் அதை அறிய வேண்டும்?

உறுதி அறிக்கையின் கதை இன்னும் பாரதூரமானது. சட்டத்தரணி ஏறத்தாழ முப்பது ஆண்டு உரிமைத் தொடரைத் தேடுவார். நமது மாவட்டத்தில் அந்தத் தேடல் போர்க்காலத்துக்குள் நுழைகிறது. இடம்பெயர்ந்த உரிமையாளர், கடல்கடந்த வாரிசுகள், எங்கோ எழுதப்பட்ட அற்றோணித் தத்துவம், பத்தாண்டு ஆட்சியால் உரிமை கோருவோர் என்று சிக்கல்கள் எத்தனை! 1983க்கும் 2009க்கும் இடையில் காணியை அணுக முடியாதவர்களுக்காக 2016இல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. இத்தகைய மண்ணில், சட்டத்தரணி கண்ட குறையை வாங்குபவரிடம் மறைப்பது கண்ணைக் கட்டிக் கிணற்றோரம் நடத்துவதாகும்.

செலவுக்கு வருவோம். உரிமை மாற்றத்துக்கான முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். இரண்டு கோடி ரூபா வீட்டுக்கு இதுவே 799,000 ரூபா. நொத்தாரிசின் கட்டணம், ஈட்டு முறி, பதிவு எல்லாம் இதற்கு மேல். தீர்வையைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதுமாறு யோசனை சொல்வோரும் உண்டு. அது சட்டமீறல். நாளை பிணக்கு எழுந்தால், உறுதியில் எழுதாத பணத்தைக் கொடுத்ததாக எப்படி நிறுவுவீர்கள்?

வட்டி இன்னொரு பொறி. வங்கிகளின் முதன்மை வாடிக்கையாளர்களுக்கான சராசரிக் கடன்வீதம் 2021 முடிவில் 9 வீதத்துக்கும் குறைவு. 2022 முடிவில் 27 வீதத்துக்கும் அதிகம். மாறும் வட்டியில் கடன்பட்டவர், வங்கி 'தகுதியுடையவர்' என்று ஏற்றுக்கொண்டவர்தான். அந்தத் தகுதி ஒரே ஆண்டில் என்னாயிற்று?

அமெரிக்காவில், 2014 முதல் மதிப்பீட்டறிக்கையின் பிரதியை வீட்டுக் கடன் கேட்டவருக்குக் கொடுத்தாக வேண்டும். 2015 முதல் மொத்தச் செலவுக் கணக்கு, கைச்சாத்துக்கு மூன்று வேலைநாட்கள் முன்னதாகக் கையில் இருக்க வேண்டும். 2008இல் வீட்டுக் கடன் சந்தை சரிந்து கற்ற பாடம் அது. நமது மத்திய வங்கியின் 2023ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் கட்டணங்களை வெளிப்படுத்தச் சொல்கின்றன. போதாது. அறிக்கைகளின் பிரதிகளும் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

பிரதி கொடுத்தால் வாங்குபவர் மதிப்பீட்டாளரோடு வாதாடுவார் என்று வங்கிகள் சொல்லக்கூடும். வாதாடட்டுமே! இருபது ஆண்டு தவணை கட்டப் போகிறவருக்கு அந்த உரிமை இல்லையா?

சட்டம் வரும்வரை, பிரதியை எழுத்தில் கேளுங்கள். கடன் கிடைக்காவிட்டாலோ உறுதியில் குறை தெரிந்தாலோ முற்பணம் திரும்ப வேண்டும் என்று விற்பனை உடன்படிக்கையில் எழுதுங்கள். உங்களுக்கென்று தனிச் சட்டத்தரணியை அமர்த்துங்கள். வங்கியின் சட்டத்தரணி வங்கிக்கே சட்டத்தரணி.