குறி தவறினால் குழந்தையைத் திட்டாதீர்கள்

உங்கள் வீட்டில் ஏர் ரைபிள் சுடக் கற்றுக்கொள்ளும் பெண் இருக்கிறாளா? "பெண் குழந்தைக்குத் துப்பாக்கியா!" என்று கன்னத்தில் கை வைக்காதீர்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்குக்கும் 2024-ல் பாரிசுக்கும் போனது ஏர் ரைபிளைத் தூக்கிக்கொண்டுதான். அதனால் இந்த வாரம் துப்பாக்கியைப் பற்றியே பேசிவிடுகிறேன்.

என் தங்கையின் பெண் பத்தாவது படிக்கிறாள். ஒரு வருஷமாக கிளப்பில் போய்ச் சுடுகிறாள். நன்றாகத்தான் சுட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு மாதத்துக்கு முன்பு என்ன ஆயிற்றோ, குண்டுகள் அட்டை முழுவதும் கோலப் புள்ளி மாதிரி சிதற ஆரம்பித்தன. "மனசு எங்கேயோ அலைகிறது. எல்லாம் அந்த செல்போன்" என்றாள் தங்கை. "பணத்தைக் கொட்டியது வீண்" என்றார் அவள் வீட்டுக்காரர். குழந்தை ஒன்றும் சொல்லவில்லை. பயிற்சிக்குப் போகும் நாளில் மட்டும் காலையில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் என்னிடம் வந்து, "பெரியம்மா, மாவட்டப் போட்டிக்கு நான் போகலை. அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்கோ" என்றாள்.

எனக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை. மறுநாள் அவளோடு நானும் கிளப்புக்குப் போனேன்.

அங்கே துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும் அவர் குழந்தையைக் குறை சொல்லவில்லை. "முதலில் யார் மேல் தப்பு என்று பார்த்துவிடுவோம்" என்று ஒரு மணல் பையை மேஜைமேல் வைத்தார். துப்பாக்கியைப் பையின் மேல் நேராகப் போடக்கூடாதாம். பைக்கும் கட்டைக்கும் நடுவே உள்ளங்கையைக் கொடுத்து, இறுக்கிப் பிடிக்காமல் தாங்க வேண்டுமாம். ஸ்பிரிங் துப்பாக்கியில், குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்குள்ளேயே உள்ளே பிஸ்டன் ஓடி முழுத் துப்பாக்கியும் உதறிவிடுகிறது. பிடி மாறினால் குண்டு விழும் இடமும் மாறும். கற்கத் தொடங்கும் பல குழந்தைகள் கையில் இருப்பது இந்தக் குழலை மடக்கும் ஸ்பிரிங் ரகம்தான். ஒலிம்பிக்காரர்களுடையது அழுத்திய காற்றை அடைத்த உருளை கொண்டது. அதற்கு உதறல் மிகக் குறைவு.

ஐந்து குண்டு அப்படிச் சுட்டாள். ஐந்தும் ஐந்து இடத்தில்! அந்த அட்டையில் பத்து மார்க் புள்ளி வெறும் 0.5 மில்லிமீட்டர்தான், சகோதரிகளே. 10 மீட்டர் தள்ளி நின்று அதைத் தொட வேண்டும். துப்பாக்கியே ஆடினால் குழந்தை என்ன செய்வாள்?

பெரியவர் திருப்புளியை எடுத்தார். கட்டையையும் இரும்பையும் சேர்த்துப் பிடிக்கும் முன்பக்கத்து இரண்டு ஸ்குரூவும் தளர்ந்திருந்தன. ஸ்பிரிங் உதற உதற இவை தானே கழன்றுகொள்ளுமாம். தையல் மிஷினில் ஊசி ஸ்குரூ தளர்ந்தால் தையல் தாறுமாறாக ஓடுமே, அதே கதைதான். பின்பக்கத்துக் குறிக்காட்டியையும் விரலால் ஆட்டிப் பார்த்தார். அது உறுதியாக இருந்தது. குழலை மூடிவிட்டுப் பக்கவாட்டில் அசைத்தார், ஆட்டமில்லை. குழல் மடங்கும் இடத்து வாஷருக்கு மேலே ஒரு டிஷ்யூ காகிதத் துணுக்கை வைத்துச் சுட்டார். காற்று கசிந்தால் காகிதம் பறக்குமாம். பறக்கவில்லை.

மறுபடி ஐந்து. முன்னைக்குப் பரவாயில்லை, ஆனால் குண்டுகள் இப்போது மேலும் கீழுமாக ஒரு கோடு போல விழுந்தன. பெரியவர் மூக்கைச் சுருக்கினார். குழல் முனையில் லேசாகப் புகை, கருகிய வாசனை. "இதற்குள் யார் எண்ணெய் விட்டது?" என்று கேட்டார்.

குழந்தை என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் அப்பா! துரு பிடித்துவிடப் போகிறதே என்று, ஞாயிற்றுக்கிழமைதோறும் தையல் மிஷின் எண்ணெயைக் காற்றுத் துவாரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டிருக்கிறார். உள்ளே காற்று அழுந்தும்போது பிறக்கும் சூட்டில் அந்த எண்ணெய் பற்றிக்கொள்கிறது. ஒரு குண்டு வேகமாகப் போகும், அடுத்தது மெதுவாகப் போகும். வாஷரும் ஸ்பிரிங்கும் சீக்கிரம் கெடும். பெரியவர் துப்பாக்கியை ஒருநாள் வைத்துக்கொண்டு, பிரித்துத் துடைத்துக் கொடுத்தார். இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். உள்ளே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் எகிறினால் முகத்தில் அடிக்கும். குண்டு போடும்போதும் மடங்கிய குழலை ஒரு கையால் பிடித்துக்கொண்டேதான் போட வேண்டும். தவறி மூடிக்கொண்டால் விரல் போய்விடும்.

குண்டு டப்பாவையும் கொட்டிப் பார்த்தோம். பெல்லட்டின் அடிப்பக்கம் பாவாடை விளிம்பு போல் மெல்லியது. பள்ளிப் பையில் புத்தகங்களோடு குலுங்கி, பாதிக்கு மேல் நசுங்கியிருந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டோம். இன்னொன்று: பெல்லட் ஈயம். சுட்ட கையோடு குழந்தைகள் முறுக்கைக் கடிக்க விடாதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் எதையும் தொட வேண்டும்.

பெரிய ஆட்களுக்கும் இது நேர்வதுதான். 2008-ல் பெய்ஜிங்கில், இறுதிச் சுற்றுக்கு முன் சோதனையாகச் சுட்டபோது அபினவ் பிந்த்ராவின் குண்டு எங்கோ போய் விழுந்தது. துப்பாக்கியின் குறிக்காட்டி மாறியிருந்தது. இருக்கிற சில நிமிஷத்தில் அதைத் திருத்திக்கொண்டு சுட்டுத் தங்கம் வாங்கினார். தனி ஆளாக இந்தியர் ஒருவர் வாங்கிய முதல் ஒலிம்பிக் தங்கம் அது.

துப்பாக்கி திரும்பி வந்த அன்று மணல் பை மேல் ஐந்து குண்டும் ஒரு சட்டைப் பொத்தானுக்குள் அடங்கின. பிறகு எழுந்து நின்று பத்து சுட்டாள். எட்டு நன்றாக விழுந்தன. இரண்டு ஓரத்துக்குப் போயின. முகம் வாடிவிடுமோ என்று எனக்குப் பயம். அவளோ அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்து, "பெரியம்மா, இந்த ரெண்டு நான்தான்!" என்று சிரித்தாள். வீடு வந்ததும் இரண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

எண்ணெய் டப்பா இப்போது தங்கையின் புடவை பீரோவில் இருக்கிறது. சாவி அவள் இடுப்பில்.