நாலு சுவருக்குள் ஆறாத நோய்

எங்கள் குடியிருப்பில் வசிக்கும் மனநல ஆலோசகர் ஒருவர், சங்கக் கூட்டத்துக்கு வந்து ஓர் உதவி கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் இரண்டு மணி நேரம் பொது ஹாலைத் தர வேண்டும். மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை என்று தவிப்பவர்கள் வந்து உட்கார்ந்து ஒருவரோடு ஒருவர் பேசட்டும். கட்டணம் கிடையாது. பிறந்தநாள் விழாவுக்கும் புடவைக் கண்காட்சிக்கும் திறக்கிற ஹால்தான் அது. ஐந்து நிமிடத்தில் மறுத்துவிட்டார்கள். "வீட்டு விஷயத்தை ஊரைக் கூட்டியா பேசுவாங்க, மேடம்?" என்றார் ஒரு பெரியவர். "நம்ம பிளாக் பொண்ணுங்களுக்கு வரன் பார்க்க வர்றவங்க என்ன நினைப்பாங்க?" என்றார் இன்னொருவர். மற்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

மனசு நோகிறவர் அதை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறார்களே, இதைவிடக் கொடிய மூடநம்பிக்கை இன்று நம்மிடம் இல்லை. சர்க்கரை எவ்வளவு என்று வாக்கிங்கில் எதிர்ப்படுகிற எல்லோரிடமும் சொல்கிறோம். முட்டி வலிக்கு எந்த டாக்டர் என்று கல்யாணப் பந்தியில் விசாரிக்கிறோம். வாரக்கணக்கில் தூங்காத பெண்ணை மட்டும் அறையில் விட்டுக் கதவைச் சாத்துகிறோம். மானம் காப்பாற்றுகிறோமாம்! யாருடைய மானம்?

ஜிம்பாப்வேயைப் பாருங்கள். ஒன்றரைக் கோடி மக்களுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய மனநல மருத்துவர்களே இருந்த நாடு அது. அவர்களில் ஒருவர் டிக்சன் சிபாண்டா. அவரிடம் சிகிச்சை பெற்றுவந்த இளம்பெண் ஒருத்தி தற்கொலை செய்துகொண்டாள். மருத்துவமனைக்கு அழைத்துவரப் பஸ் கட்டணம் பதினைந்து டாலர் அந்தக் குடும்பத்திடம் இல்லை. ஆஸ்பத்திரிக்கு அவர்கள் வர முடியாதென்றால் சிகிச்சைதான் அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும் என்று சிபாண்டா முடிவு செய்தார். 2006-இல் ஹராரே நகரின் ம்பாரே பகுதியில் பதினான்கு பாட்டிகளைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார். சுகாதார நிலைய வளாகத்தில் ஒரு மரப் பெஞ்சு. வருகிறவர் பேசுவார், பாட்டி காது கொடுத்துக் கேட்பார், சிக்கலை ஒவ்வொன்றாகப் பிரித்து எதை முதலில் தீர்ப்பது என்று இருவரும் சேர்ந்து முடிவெடுப்பார்கள். அதோடு முடியவில்லை. பெஞ்சில் பேசித் தேறிய பெண்கள் குழுவாகக் கூடி, பழைய பிளாஸ்டிக்கில் பை பின்னிக்கொண்டே பேச்சைத் தொடர்ந்தார்கள். எங்கள் ஆலோசகர் கேட்டதும் இப்படி ஒரு கூட்டத்தைத்தான்.

பலன் என்ன? 24 சுகாதார நிலையங்களில் 573 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2016-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் பாதிப் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. பெஞ்சில் பேசியவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்குத்தான் இருந்தன. பேசி என்ன ஆகப் போகிறது என்று கேட்பவர்கள் அந்தப் பாட்டிகளிடம் போய்க் கேட்கட்டும்.

நம் ஊரில் பாட்டிகளுக்கா பஞ்சம்? ஆனால் நம் பாட்டிகளுக்கு நாம் கற்றுக்கொடுத்திருப்பது ஒரே வைத்தியம்: "ஒரு கல்யாணத்தப் பண்ணி வெச்சா எல்லாம் சரியாப் போயிடும்." வந்து சேரும் பெண்ணிடமோ பிள்ளையிடமோ ஒரு வார்த்தை சொல்வதில்லை. இரண்டு வாழ்க்கை நாசமாகிறது. 1794 முதல் நோயாளிகளைப் பார்த்துவரும் மருத்துவமனை சென்னையில் இருக்கிறது. அது இருக்கும் கீழ்ப்பாக்கத்தின் பெயரையே வசவாக்கி, படத்துக்குப் படம் காமெடி பண்ணிச் சிரித்தவர்கள் நாம். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே எத்தனை பேர் அந்த வாசல் ஏறாமல் இருந்திருப்பார்கள்!

மறைத்துவைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஏர்வாடியில் பார்த்தோம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, மனநலக் காப்பகம் என்ற பெயரில் நடந்த கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். ஒவ்வொருவரையும் ஏதோ ஒரு வீடுதான் அங்கே கொண்டுபோய் விட்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்துவிட்டது. உடல்நோய்க்குத் தருவதுபோல மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. கவுன்சலிங் ரசீதைக் காப்பீட்டு அலுவலகத்தில் நீட்டிப் பாருங்கள், சட்டத்துக்கு அங்கே என்ன மரியாதை என்று தெரியும். சட்டத்தை ஏன் சொல்ல வேண்டும்? ஒரு ஹாலைத் திறக்கவே நமக்கு மனம் வரவில்லை.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயதுவந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு மனநலப் பாதிப்பு இருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சைக்கே வருவதில்லை. நூற்றுக்கணக்கான வீடுகள் கொண்ட குடியிருப்பில், தலையாட்டியவர்கள் வீட்டிலும் அவர்கள் இருக்கிறார்கள். மாத்திரை தேவைப்படுபவருக்கு மாத்திரை வேண்டும். அதை எழுதித் தருகிற மருத்துவரிடம் போகும் தைரியத்துக்கு முதலில் யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டும். ஹராரே பாட்டிகள் கேட்டார்கள்.

உங்கள் தெருவில் இப்படி ஒருவர் இடம் கேட்டு வந்தால் சாவியைக் கொடுங்கள். அதுவரை தனியாகத் தவிப்பவர்கள் 14416-ஐ அழைக்கலாம். மத்திய அரசின் டெலி-மானஸ் எண் அது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.