மாலி காகாவின் கட்டைவிரல்
மும்பை திலக் நகர் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடக்கும் வழியில் ஒரு சின்னப் பூங்கா. அங்கே தோட்டக்காரரான மாலி காகா ஹோஸ் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்துப் பிடிப்பார். தண்ணீர் விசிறியாய் விரியும். எங்கள் பேட்டையின் ஸ்பிரிங்க்ளர் அதுதான். பூங்காக்களின் நீர்ச் சிக்கனப் பாசனத்துக்குப் பணம் ஒதுக்குவது பற்றிப் படித்ததும் எனக்கு அந்த விரல்தான் ஞாபகம் வந்தது. ஒதுக்கட்டும், வேண்டாமென்று சொல்ல நான் யார்? 2024 ஜூனில் 10 சதவீதத் தண்ணீர் வெட்டு வந்தபோது வீட்டில் பக்கெட் எண்ணியவன். நமக்குத் தண்ணீர் தரும் பாத்ஸா அணை இருக்கும் ஷஹாபூர் தாலுகாவிலேயே கோடை வந்தால் பெண்கள் குடத்தோடு டேங்கருக்குக் காத்திருக்கிறார்கள். அந்த நீரைப் புல்லில் கொட்டினால் மனசு கூசத்தான் செய்யும். சிவாஜி பார்க்கில் மழைநீரைச் சேமித்து, புழுதி அடங்கத் தெளிக்க ஏற்பாடு செய்தார்கள், நல்ல யோசனை. ஆனால் எங்கள் சின்னப் பூங்காவில் முன்பொருமுறை சொட்டுநீர்க் குழாய் போட்டார்கள். மணிக்கு இரண்டோ நான்கோ லிட்டர் சொட்டும் ஊசித் துளைகள். போர்வெல் நீரின் உப்பு படிந்து ஒவ்வொன்றாய் அடைத்துக்கொண்டது. அவ்வப்போது அமிலம் விட்டுக் கழுவியிருந்தால் போதும். குழாய்க்குக் காசு இருந்தது, கழுவுகிறவருக்கு இல்லை. குழாய் போட்ட அன்று பூமாலை போட்டுக்கொண்டவர்களை அப்புறம் அந்தப் பக்கமே காணோம். அந்தக் கறுப்புக் குழாயின் ஒரு துண்டு இப்போது சாய்ந்த செம்பருத்தியைக் கம்போடு சேர்த்துப் பிடித்திருக்கிறது. காகா கட்டியதுதான். முடிச்சு இன்னும் அவிழவில்லை.