குக்கர் கைப்பிடியும் அம்பாசடர் கார்புரேட்டரும்

டிஸ்கி: பி.காம். படிக்கிறவனுக்கு இஞ்சின்ல என்னடா வேலைன்னு கேக்கப் போற வகுப்புத் தோழர்களுக்கு - இது பாதி காசு சம்பந்தப்பட்ட விஷயம்தான். படிங்க.

பழைய பெட்ரோல் அம்பாசடரைப் புதுப்பிக்கிறவங்கள்ல சில பேருக்கு ஒரு மோகம். கார்புரேட்டருக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் நடுவுல இருக்கிற கறுப்புக் கட்டையைத் தூக்கிப் போட்டுட்டு, லேத்துல கடைஞ்ச அலுமினிய ஸ்பேசரை மாட்டுறது. பாலிஷ் போட்டா கண்ணாடி மாதிரி மின்னும். பானெட்டைத் திறந்து நாலு பேருக்குக் காட்டலாம். சரி, அப்புறம்? டீ குடிச்சுட்டு வந்து சாவியைத் திருப்பினா செல்ஃப் மட்டும் கர்ர் கர்ர்னு சுத்தும். வண்டி கிளம்பாது.

அந்த 1489 சி.சி. பி.எம்.சி. பி-சீரிஸ் இஞ்சின்ல இன்டேக், எக்ஸாஸ்ட் ரெண்டும் ஒரே பக்கம். கார்புரேட்டருக்குப் பக்கத்துலயே அடுப்பு எரியுதுன்னு வெச்சுக்கங்க. ஓடுறப்ப பெரிய தொல்லை இல்லை. ஆவியாகுற பெட்ரோலே கார்புரேட்டரைக் குளிர வைக்கும், ஃபேன் காத்தும் உண்டு. நிறுத்தின பிறகு வர்ற பத்து நிமிஷம்தான் எமகண்டம். காத்தும் நின்னுடும், பெட்ரோல் ஓட்டமும் நின்னுடும், மேனிஃபோல்டுல தேங்கின சூடு மட்டும் வழி தேடி ஏறும். பெட்ரோல்ல இருக்கிற லேசான பாகங்கள் 40 டிகிரி சுமாருக்கே ஆவியாக ஆரம்பிச்சுடும். நம்ம ஊர் மே மாச நிழலே அவ்வளவு! போதாததுக்கு இப்ப பங்க்குல போடறது எத்தனால் கலந்த பெட்ரோல். அதுல 70 டிகிரிக்குள்ளயே கொதிச்சுப் போற பங்கு இன்னும் அதிகம். ஃப்ளோட் சேம்பர்ல கொதிச்சு வழியுற பெட்ரோல் சூடான எக்ஸாஸ்ட் மேல சொட்டினா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா?

இதுக்கு லேத்துக்காரர் சொல்ற பதில்தான் எனக்கு எரிச்சல். "அலுமினியம் ரேடியேட்டர் மாதிரி தம்பி, சூட்டை இழுத்து வெளிய விட்டுடும்." ரேடியேட்டருக்கு நூத்துக்கணக்குல துடுப்பு இருக்கு, பின்னால ஃபேன் சுத்துது. ரெண்டு இரும்பு நட்டுக்குள்ள நசுங்கிக் கிடக்கிற அரை அங்குலத் துண்டுக்கு என்ன இருக்கு? அது சூட்டுக்குப் போட்ட பாலம்! அலுமினியக் கலவைகளோட வெப்பம் கடத்தும் எண் 150ஐத் தாண்டும். பேக்கலைட் வகை ஷீட்டுக்கு 0.3 சுமார். ஐநூறு மடங்கு வித்தியாசம். நம்பலைன்னா அடுப்பங்கரைக்குப் போய்ப் பாருங்க. குக்கர் அலுமினியம், கைப்பிடி பேக்கலைட். கைப்பிடியையும் அலுமினியத்துல செஞ்சு "சூட்டை வெளிய விட்டுடும்"னு சொன்னா, அம்மா அதே குக்கரால போடுவாங்க :-)

இதே பி-சீரிஸ் குடும்பத்து இஞ்சினை எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காருல போட்டப்பவும் இங்கிலாந்துக்காரன் அந்தக் கறுப்புக் கட்டையைத்தான் வெச்சான். கூட ஒரு தகடும் மறைப்பா வெச்சான். அவனுக்கு அலுமினியம் கிடைக்காமலா?

எங்க சித்தப்பா வண்டிக்கு ஒரு பட்டறையில இந்த அலுமினிய வைபவம் நடந்துச்சு. அதுக்கப்புறம் சூட்டுல நின்னு போனதுக்கு ஃபியூயல் பம்ப் மாத்தினாங்க, காயில் மாத்தினாங்க, பிளக் மாத்தினாங்க. ஒவ்வொண்ணுக்கும் தனி பில், தனி கூலி. பழைய கட்டையைத் தேடி எடுத்து மாட்டின பிறகுதான் தொல்லை தீர்ந்துச்சு. மாத்தின சாமான் எதுக்கும் பணம் திரும்பி வரலை. எங்க காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்துல இதுக்குப் பேர் 'அசாதாரண நட்டம்'.

மரம்? வெப்பத்தைத் தடுக்கிறதுல கெட்டிக்காரன்தான், ஆனா ஈரத்தையும் பெட்ரோலையும் குடிச்சு உப்பும். முப்பரிமாண அச்சுல பி.எல்.ஏ. பிளாஸ்டிக்குல அடிச்சுத் தர்றவங்க கிட்ட போகவே போகாதீங்க, 60 டிகிரிக்கே அது குழைஞ்சுடும். குழைஞ்சா இடைவெளி, இடைவெளி வழியா கள்ளக்காத்து, பெட்ரோல் பத்தாத கலவை.

எலக்ட்ரிக்கல் சாமான் விக்கிற கடையில ஹைலம் ஷீட்னு கேளுங்க. பழைய கட்டையோட கனத்தையே அளந்து வாங்குங்க. துணி போட்டு அழுத்தின ரகம் இருந்தா அது உத்தமம், ஓட்டை போடறப்ப பிளக்காது. ரெண்டு பக்கமும் மெல்லிய கேஸ்கெட் வேணும். நட்டைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்தி மாத்தி முறுக்கணும். முரட்டுத்தனமா முறுக்கினா ஹைலம் வெடிக்கும், அந்தக் குறை அதுக்கு உண்டு. கனம் கூடுதலா வெச்சா ஸ்டட் நீளமும் ஆக்சிலேட்டர் கேபிளும் எட்டுமான்னு பார்த்துட்டு அப்புறம் மாட்டுங்க.