தண்டனைக் கணக்கு

நம் அரசு வழக்கறிஞர்கள் வழக்குகளில் தோற்பதற்கு அமெரிக்க முறைதான் மருந்து என்று ஒரு சிற்றிதழ்க் கட்டுரை அண்மையில் வாதிட்டிருக்கிறது. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் மாவட்ட அட்டர்னியை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கும் அப்படிச் செய்தால் தண்டனை விகிதம் தானாக ஏறுமாம். தண்டனையின் அதிகாரத்தை விமர்சித்த ஃபூக்கோவைத் தமிழில் விவாதித்த வட்டாரத்திலிருந்து இந்தக் குரல் வருவதை எங்களால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

தண்டனை வாங்கித் தருவதா அரசு வழக்கறிஞரின் வேலை?

நியூ ஆர்லியன்ஸைப் பாருங்கள். தேர்தலில் வென்ற அட்டர்னியின் அலுவலகம் 1985இல் ஒரு கொலை வழக்கில் ஜான் தாம்சனுக்கு மரண தண்டனை வாங்கிக் கொடுத்தது. அதற்குமுன் ஒரு கொள்ளை வழக்கிலும் அவரைத் தண்டிக்க வைத்திருந்தது. கொள்ளையனின் ரத்தம் பி வகை என்ற பரிசோதனை அறிக்கை கையில் இருந்தும், அதை எதிரித் தரப்புக்குக் காட்டவில்லை. தாம்சனின் ரத்தம் ஓ வகை. மறைத்தவர்களில் ஒருவர் புற்றுநோயில் சாகப்போகும் வேளையில் நண்பரிடம் ஒப்புக்கொண்டார். அந்த நண்பரும் வழக்கறிஞர்தான், ஐந்து ஆண்டுகள் வாய் திறக்கவில்லை. 1999இல், தண்டனை நிறைவேற்றச் சில வாரங்களே இருந்தபோது அறிக்கை வெளிப்பட்டது. எதிரிக்குச் சாதகமான சான்றை மறைக்கக் கூடாது என்று 1963இலேயே பிராடி வழக்கில் சொன்ன அமெரிக்க உச்ச நீதிமன்றம், தாம்சனுக்கு ஜூரி வழங்கிய 1 கோடியே 40 லட்சம் டாலர் இழப்பீட்டை 2011இல் 5-4 என்று ரத்து செய்தது.

'கரமசோவ் சகோதரர்க'ளில் வரும் அரசு வழக்கறிஞர் இப்போலித் கிரிலோவிச்சை எத்தனை முறை வாசித்தாலும் கடந்துபோக முடிவதில்லை. அவர் லஞ்சம் வாங்குகிறவர் அல்ல. தான் சொல்வதை மனதார நம்புகிறவர். பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து வந்த பேர்பெற்ற வக்கீலை வென்றாக வேண்டும், வாழ்நாளின் சிறந்த உரையை நிகழ்த்தியாக வேண்டும் என்ற தவிப்பு மட்டும்தான் அவருக்கு. உளவியலை அடுக்கடுக்காகக் கட்டிப் பேசுகிறார். செய்யாத கொலைக்கு திமித்ரி தண்டிக்கப்படுகிறான். ஒன்பது மாதத்தில் அவரும் காசநோயில் இறந்துபோகிறார். நேர்மையாளரையே இந்த வெற்றிப் பசி என்ன செய்கிறது என்பதை தஸ்தயெவ்ஸ்கி அளவுக்கு எந்தச் சட்டநூலும் சொன்னதில்லை.

நமக்கு வாய்த்தது இதன் மறுபக்கம். ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கில், அவரே முதல்வரான 2001 ஆட்சி மாற்றத்துக்குப் பின் அரசுத் தரப்புச் சாட்சிகள் 76 பேர் திரும்ப அழைக்கப்பட்டார்கள். பலர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அரசு வழக்கறிஞர் ஆட்சேபிக்கவில்லை. அவர்களைப் பிறழ்சாட்சி என்று அறிவித்துக் குறுக்கு விசாரணை செய்யவும் இல்லை. அதைச் சுட்டிக்காட்டித்தான் உச்ச நீதிமன்றம் 2003 நவம்பர் 18 அன்று வழக்கைக் கர்நாடகத்துக்கு மாற்றியது. வெல்லத் துடிப்பவரும் தோற்கச் சம்மதிப்பவரும் பார்ப்பது பதவி கொடுத்தவர் முகத்தைத்தான். கொடுப்பவர் முதல்வரானால் என்ன, வாக்காளரானால் என்ன?

கட்டுரை தொட்டிருக்க வேண்டிய இடம் வேறு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 2005 திருத்தம் கொண்டுவந்த குற்றவழக்குத் தொடர்வு இயக்ககம் உள்துறையின் நிர்வாகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. போலீசும் அதே உள்துறையின் கீழ். அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ். இதில் கைவைக்காமல் விட்டுவிட்டது. எந்த மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் காலையில் போய் நின்று பாருங்கள்: வழக்கைக் கூப்பிட்ட பிறகு உதவி அரசு வழக்கறிஞர் கட்டை அவிழ்க்கிறார், ஏட்டு பக்கத்தில் குனிந்து சொல்லச் சொல்ல அவர் வாதாடுகிறார். போலீஸ் எழுதிய குற்றப்பத்திரிகையைப் பார்த்து 'இது நிற்காது' என்று சொல்ல அவருக்குத் தைரியம் எங்கிருந்து வரும்?

வெற்றிக் கணக்கு எதைக் காட்டும் என்பதற்கு உள்ளூர்ச் சான்று ஒன்று. இந்த இதழ் தயாராகும் சிஞ்ச்வட் சாபேகர் சகோதரர்களின் ஊர். அவர்கள் ஆங்கிலேய பிளேக் அதிகாரி ராண்டைச் சுட்ட 1897இல்தான் திலகர்மேல் ராஜத்துரோக வழக்கு வந்தது. ஜூரி 6-3 என்று பிரிந்தது. பதினெட்டு மாதம் சிறை. அந்த வழக்கில் வென்றது அரசுத் தரப்பு. கட்டுரையாளரின் விகிதத்தில் அதுவும் ஒரு வெற்றியாகத்தான் ஏறும்.

கட்டுரையின் இரண்டாம் பகுதி வரவிருப்பதாக அறிவித்திருக்கிறார்கள். 76 சாட்சிகளைப் பற்றியும் உள்துறையைப் பற்றியும் அதில் எழுதட்டும். எங்கள் வாதத்துக்கு மறுப்பு இருந்தால் அனுப்பட்டும். ஒரு வரி வெட்டாமல் வெளியிடுகிறோம்.