கோப்பியும் ஈரலும், நம்ம ஊர் வாயும்



இரண்டு கிழமையாக நமது ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. ஒரு நாளைக்கு மூன்று கோப்பை கோப்பி குடித்தால் ஈரலில் படிந்த கொழுப்பெல்லாம் கரைந்துவிடுமாம், மருந்தே தேவையில்லையாம். எங்கள் பாடசாலையில் ஒரு சேர் அதைக் கேட்டுவிட்டு கிளினிக் போவதையே நிறுத்தப் பார்த்தார். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை. விஞ்ஞானம் படிப்பிக்கிறவன், அவ்வளவுதான்.

அந்தப் பதிவு முழுப் பொய்யும் இல்லை. பிரித்தானியாவில் ஏறத்தாழ 5 இலட்சம் பேரைப் பத்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2021 இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. கோப்பி குடிக்காதவர்களை விட, குடிப்பவர்களுக்கு நாட்பட்ட ஈரல் நோய் வரும் ஆபத்து 21 வீதம் குறைவு, அந்த நோயால் மௌத்தாகும் ஆபத்து 49 வீதம் குறைவு. கஃபீன் நீக்கிய கோப்பி குடித்தவர்களிடமும் ஆபத்து குறைந்தே இருந்தது. அப்படியென்றால் கஃபீன் மட்டும் காரணமாக இருக்க முடியாது, கொட்டையில் உள்ள மற்றப் பொருட்களுக்கும் பங்கு இருக்க வேண்டும்.

ஆனால் அது ஆட்களைக் கவனித்துப் போட்ட கணக்கு. வருத்தக்காரருக்குக் கோப்பி கொடுத்துச் சுகப்படுத்திய கதை இல்லை. "ஆபத்து குறைவு" என்பது வேறு, "வந்தது கரையும்" என்பது வேறு. குரல் பதிவு போட்டவருக்கு அந்த வித்தியாசம் விளங்கவில்லை, அல்லது விளங்கியும் சொல்லவில்லை.

அடுத்தது, நாம் குடிப்பது என்ன கோப்பி? கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி சீனி. நாலு கோப்பை குடித்தால் பன்னிரண்டு கரண்டி, கிட்டத்தட்ட 50 கிராம். உலக சுகாதார அமைப்பு ஒரு நாளைக்கு அதற்குக் கீழே நிற்கச் சொல்கிறது, முடிந்தால் 25 கிராமுக்குள். பிளேன்டியும் பிஸ்கட்டும் வட்டிலப்பமும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை! மிஞ்சுகிற சீனியைக் கொழுப்பாக மாற்றுகிற வேலையைச் செய்வதே ஈரல்தான். அதோடு, வடிகட்டாமல் மண்டி அடியில் நிற்கக் குடிக்கும் நம் கோப்பி கெட்ட கொலஸ்ட்ரோலையும் கூட்டும். குடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, சீனியைக் குறைத்து வடித்துக் குடியுங்கள்.

உண்மையில் என் மனதில் கிடப்பது கோப்பி இல்லை.

போன வருடம் நம் ஊரில் ஒருவர் ஈரல் சுருங்கி மௌத்தானார். சிகரட் கூடத் தொட்டதில்லை. சுபஹுக்கு முதல் ஸப்பில் நிற்கிறவர். ஜனாஸா வீட்டு முற்றத்தில், கதிரையில் இருந்துகொண்டே ஒருவர் சொன்னார்: "ஈரல் வருத்தம் சும்மா வருமா? ஒளிச்சுக் குடிச்சிருப்பார்." மையத்து இன்னும் உள்ளே கிடக்கிறது. பக்கத்தில் நின்ற அவருடைய மகன் என் வகுப்புப் பிள்ளை. அவன் முகத்தை நான் பார்த்தேன்.

ராகமையில் 35 முதல் 64 வயது வரையான பொதுமக்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2009 இல் வெளியானது. மதுவால் வராத ஈரல் கொழுப்பு அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இருந்தது. உடற்பருமனும் சீனி வருத்தமும் இதற்குக் கூட்டாளிகள். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு ஈரல் சுருக்கம் வரை போகும். சாராயம் ஹராமான ஊரில் ஈரல் வருத்தம் வராது என்று நம்பிக்கொண்டு, வலீமாவுக்கு வலீமா புரியாணிக்கு மேல் கலர் சோடா குடிக்கிறோம். வந்தால் வந்தவரைச் சந்தேகிக்கிறோம். பிறகு யார் ஸ்கேன் ரிப்போர்ட்டை வெளியில் காட்டுவார்?

நான் சொன்ன சேரும் நாலு மாதம் ரிப்போர்ட்டை மனைவிக்குக் கூடக் காட்டவில்லை. கோப்பிப் பதிவை அவர் அப்படி இறுக்கிப் பிடித்ததற்குக் காரணம் அதுதான். கிளினிக் வாசலில் ஊரார் யாரும் காணாமல் வீட்டிலேயே சுகமாகிவிடலாம் என்ற ஆசை. இப்போது அவரும் மனைவியும் சேர்ந்தே கிளினிக் போகிறார்கள். கோப்பியை விடவில்லை. அசருக்கு முன் இரண்டு கோப்பை, சீனி அரைக் கரண்டி. இஷாவுக்குப் பிறகு பள்ளியடியிலிருந்து கடற்கரை வரை நடக்கிறார். நானும் சேர்ந்து நடக்கிறேன், என் வயிறும் சும்மா இல்லை. வர விரும்புகிறவர்கள் வாருங்கள்.